உதைத்த பிறகு குனிந்தேன்

அந்தப் பள்ளித் தவணைக்கு உடற்பயிற்சிப் பாடத்தில் கராத்தே என்று ரீச்சர் சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அப்பாவின் ஃபக்டரிதான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நாங்கள் குடிவந்த இந்த வெளிநாட்டு ஊரான டண்டினொங்கில் அம்மாவுக்காக டொக்டரோடு ஆங்கிலத்தில் பேசுவதும் நான்தான். அதில் எனக்குப் பெருமை. ஆனால் அப்பா ஒன்றைச் சொல்லிவைத்திருந்தார்.

"சண்டை பிடிச்சு முகத்தில காயத்தோட வந்தியெண்டால் படிப்பு அவ்வளவுதான். உனக்குப் பதினஞ்சு வயசு முடிஞ்சுது. என்ர ஃபக்டரியில பெட்டி அடுக்க ஆள் தேடுறாங்கள்."

அவர் சொன்னால் செய்வார்.

அதனால் மண்டபத்துக்குள் வெறுங்காலோடு நுழைந்ததும் இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்தபடி நிற்பேன். எனக்குச் சோடியாக நின்ற இத்தாலிக்காரப் பெண், "உன் முகம் என்ன கண்ணாடியா, உடைஞ்சுபோக?" என்று சிரிப்பாள்.

ஒருநாள் எங்கள் இருவரையும் மோதவிட்டார்கள். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு காலை வீசினேன். அது அவள் இடுப்பில் பட்டது. உடனே என்னை அறியாமல் குனிந்து, அவளைத் தொட்டு, விரல்களைக் கண்ணில் ஒற்றினேன். ஆள்மேல் கால் பட்டால் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவளுக்கு அது எங்கே தெரியும்? அவள் ஏற்கெனவே வீசிவிட்ட கை என் கன்னத்தில் இறங்கியது.

வீடு திரும்பும்போது பஸ் கண்ணாடியில் பார்க்கப் பார்க்க வீக்கம் கூடியது. பின்னலை அவிழ்த்து முடியால் மறைத்துக்கொண்டேன். குசினி வாசலிலேயே அப்பா கண்டுவிட்டார்.

"ஆரோட சண்டை?"

"சண்டையில்லை அப்பா. பாடம்."

நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். அம்மா கறியைக் கிளறாமல் நின்றார்.

"உதைச்சுப்போட்டுத் தொட்டுக் கும்பிட்டனியோ?"

"ஓம்."

"அந்தப் பிள்ளை சிரிச்சிருக்கும்."

"இல்லை. எனக்கு அடிச்சுப்போட்டாள் எண்டு அவளே அழுதவள்."

"அப்ப சண்டையில்லைத்தான்." கதிரையை விட்டு எழும்பி, "இனி அங்க குனியாத. வீட்டை வந்து சாமியைக் கும்பிடு" என்றார்.

அடுத்த வாரம் மறுபடியும் அவளோடு மோதவிட்டார்கள். ஒரு வீக்கத்தைப் பொறுத்த அப்பா இன்னொன்றையும் பொறுப்பாரா? என் கால் அவள்மேல் பட்டதும் கை தானாகக் கீழே போகப் பார்த்தது. அதை இறுக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சாமிப்படத்தின் முன் குனிந்தேன்.

"இண்டைக்கும் கால் பட்டதோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம்."

அப்பா என் இரண்டு கன்னங்களையும் பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசையத் தொடங்கினார்.