முழுக்கிப் பார்த்த படகு

தையலம்மாவுக்கு நீச்சல் தெரியாது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவர் கணவருக்கோ வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மோட்டார் வைத்த பழைய சின்னப் படகு ஒன்றை வாங்கி ஏரிக்கரையில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஏறு, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்."

"உள்ள தண்ணி நெறஞ்சிட்டா முழுகுமா, மிதக்குமா?"

"மிதக்கும்னுதான் வித்தவர் சொன்னாரு."

"விக்கிறவர் அப்படித்தான் சொல்லுவாரு. நீங்க முழுக்கிக் காட்டுங்க, அப்புறம் ஏறுறேன்."

தையல் வேலை செய்யும் தையலம்மா, தைத்த சட்டையை இரண்டு கையாலும் இழுத்துப் பார்க்காமல் யாரிடமும் கொடுக்காதவர். ஆனாலும் ஆசையாய் வாங்கிய படகைத் தண்ணீரில் முழுக்க யாருக்கு மனசு வரும்? கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கடைசியில், ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கான தையலம்மாவின் தம்பிதான் சமாதானம் பேச வந்தார்.

"அத்தான், அக்கா ஒண்ணு சொன்னா சொன்னதுதான். வாங்க, முழுக்கிடுவோம்."

மோட்டாரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அதே கனத்துக்கு இரும்பைக் கட்டினார்கள். நெஞ்சளவு தண்ணீரில் நின்று இருவரும் படகின் ஓரத்தை அமுக்க, தண்ணீர் மடமடவென்று உள்ளே புகுந்தது. பின்பக்கம் சட்டென்று இறங்கிப்போய், முன்பக்கம் மட்டும் வானத்தைப் பார்த்து நின்றது.

"பாரு, மிதக்குது!" என்றார் கணவர்.

"மிதக்குது, சரி. நான் எங்க உக்கார்றது? அந்த மூக்கு மேலயா?"

சிரித்த சிரிப்பில் தம்பி ஏரித் தண்ணீரைக் குடித்துவிட்டார். கணவருக்கும் கோபம் போய்விட்டது.

கரையில் இழுத்துப் போட்டு அடித்தட்டைத் திறந்தால், படகு மிதப்பதற்காக உள்ளே வைத்திருந்த ஃபோம் தண்ணீர் குடித்து ஊறிக் கிடந்தது. தம்பி தண்ணீர் குடிக்காத ஃபோம் வாங்கி வந்தார். "அடியில மட்டும் வச்சா கவுந்துரும் அத்தான். ரெண்டு ஓரத்துலயும் வைக்கணும், மோட்டார் பக்கம் இன்னும் கூட வைக்கணும்." அளவெடுத்து, சாக்கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தவர் தையலம்மா.

மறுபடி முழுக்கினார்கள். இந்தத் தடவை படகு சாயாமல், விளிம்பு மட்டும் வெளியே தெரிய மட்டமாக நின்றது. தையலம்மா உடுத்திய துணியோடு ஏறி, இடுப்பளவு தண்ணீரில் பலகை மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"இப்ப சரி. எங்க வேணா கூட்டிட்டுப் போங்க."

அந்தக் கோடையிலேயே ஒரு நாள் கணவனும் மனைவியும் நடு ஏரியில் போய்க்கொண்டிருந்தார்கள். வேகமாகக் கடந்த ஒரு பெரிய படகு கிளப்பிய அலை பின்பக்கமாக ஏறி விழுந்தது. மோட்டார் நின்றது. அடுத்த அலையில் படகு நிறைந்துவிட்டது. இருவரும் மிதவை அங்கி போட்டிருந்தார்கள். என்றாலும் கணவர் குதிக்கக் காலைத் தூக்கினார்.

"நான் நீந்திப் போய் ஆள் கூட்டிட்டு வர்றேன்."

"ஒண்ணும் வேணாம். படகுதான் நிக்குதே, பேசாம உக்காருங்க." தையலம்மா அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். பெரிய படகு திரும்பி வந்து கயிறு வீசும்வரை அப்படியே இருந்தார்கள்.

மோட்டாரைச் சரிசெய்யக் கொடுத்த பிறகு, "இன்னும் ஆகலையாடா?" என்று தம்பியைத் தினமும் நச்சரித்தவர் தையலம்மாதான். இப்போது படகை ஓட்டுவதும் அவரே. கணவர் முன்பக்கம் காலை நீட்டிக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்கிறார். அந்த அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.