ஐம்பத்துநாலு கிலோவுக்கு ஏற்றப்பட்டவள்

பேருந்துப் பணிமனையின் டயர் பிரிவில் அவள் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறாள். ஆள் ஒல்லி, குள்ளம், குரல் கீச்சு. யாராவது ஒரு நட்டைச் சரியாக முறுக்காமல் வண்டியை வெளியே விட்டால், ஒத்துக்கொள்ளும்வரை அவன் காதோரத்திலேயே நிற்பாள். அதனால் கொசு என்று பெயர் வைத்திருந்தார்கள். வயதில் சிறியவர்களுக்குக் கொசுக்கா. நாற்பத்தொரு வயதிலும் அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

எதையாவது அண்ணாந்து பார்க்க வேண்டுமென்றால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்வாள். இடது கண்ணை மேலே உயர்த்தினால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். அதனால்தான் பேருந்து ஓட்டும் வேலைக்கு மனுப் போட்டவளைக் கண் பரிசோதனையில் கழித்து, டயர் பிரிவுக்கு அனுப்பினார்கள். கண்ணுக்கு என்ன ஆனது என்று கேட்டவர்களுக்கு, கீழே விழுந்துவிட்டேன் என்று சொல்லி முடித்துவிடுவாள்.

அந்த வாரம் முழுவதும் பணிமனை கேன்டீனில் ஒரே பேச்சு. நாற்பத்தெட்டுக் கிலோ குத்துச்சண்டையில் தோல்வியே காணாத உலகப் பட்டக்காரி ஒருத்தி, எடை ஏறி ஐம்பத்துநாலு கிலோ பட்டக்காரியோடு மோதப்போவதாக அறிவித்திருந்தாள். டீ இடைவேளை பதினைந்து நிமிடம் அரை மணியாக நீண்டது.

பேருந்தின் ஒடுங்கிய தகடுகளைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர், சின்னவள் பக்கம். "ஏறட்டும்யா. தைரியம் இருக்கிறவளுக்கு எடை எல்லாம் ஒரு கணக்கா?"

பேருந்துகள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கும் டைம்கீப்பர் நிதானமான ஆள். எதிர்க்கட்சி. "ஆறு கிலோன்னா உனக்கு இளக்காரமா இருக்கு. இவ அடிச்சா அவளுக்கு வலிக்கும். அவ அடிச்சா இவ விழுவா. வித்தியாசம் அதான்."

"வேகம்னு ஒண்ணு இருக்குல்ல. அடி பட்டாத்தானே விழுவா."

"பத்து ரவுண்டுல ஒண்ணு கூடவா படாது?"

டிங்கர் அவள் பக்கம் திரும்பினான். "கொசுக்கா, நீங்க சொல்லுங்க. நீங்களும் சின்ன ஆளுதான். பஸ் டயரை ஒத்தை ஆளா உருட்டலையா?"

"டயர் திருப்பி அடிக்காது. டீ ஆறுது, குடி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான்கு நாள் அவள் அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் டைம்கீப்பர் ஒரு புத்தகத்தோடு வந்தார். குத்துச்சண்டைச் சங்கத்தின் பொன்விழா மலர். தன் கட்சிக்கு ஆதாரம் கிடைத்த திருப்தியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"மூன்று முறை தொடர்ந்து நாற்பத்தெட்டுக் கிலோ பட்டம் வென்ற வீராங்கனை ஒருவர், தன் விருப்பத்தின் பேரில் ஐம்பத்துநாலு கிலோ பிரிவுக்கு மாறி, முதல் ரவுண்டிலேயே வீழ்ந்தார். ஆசை அளவு மீறியதால் ஒரு நல்ல எதிர்காலம் வீணானது." புத்தகத்தை மூடினார். "பாத்தியா? பேராசை. வேற என்ன சொல்றது?"

அவள் டம்ளரை மேசையில் வைத்தாள்.

"மூணாவது ரவுண்டு."

"என்னம்மா?"

"முதல் ரவுண்டுன்னு போட்டிருக்கு. நான் விழுந்தது மூணாவது ரவுண்டுல."

சற்று நேரம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது, கேன்டீன்காரர் உட்பட எல்லோரும் அவளுடைய சாய்ந்த தலையைப் பார்த்தார்கள்.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. தேர்வுப் போட்டிக்கு ஆறு நாள் இருக்கும்போது, தேர்வுக்குழுத் தலைவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்பத்தெட்டில் இந்த முறை வேறொரு பெண்ணை இறக்குவதாகவும், அவள் ஐம்பத்துநாலில் ஆட வேண்டும் என்றும் சொன்னார். அந்த வேறொரு பெண் அவருடைய அண்ணன் மகள். அதற்கு முன் இரண்டு முறை இவளிடம் தோற்றவள்.

மேசையில் ஒரு படிவம் தயாராக இருந்தது. 'என் விருப்பத்தின் பேரில்' என்று முன்பே அச்சடித்திருந்தது. இவள் தயங்கினாள். "கையெழுத்துப் போட்டா ஐம்பத்துநாலு. போடலைன்னா வீட்டுக்குப் போகலாம். ஒம்பாடு" என்றார் அவர். பேனாவின் மூடியை அவரே கழற்றிக் கொடுத்தார்.

ஆறு நாளும் முட்டையும் வாழைப்பழமுமாகத் திணித்துக்கொண்டாள். எடை பார்க்கும் காலையில் இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு தராசில் நின்றாள். அப்படியும் ஐம்பத்தொன்றுதான் காட்டியது. எதிரே நின்றவளோ ஐம்பத்தெட்டிலிருந்து பட்டினி கிடந்து இறங்கி வந்தவள். அவளுடைய தோள் இவள் கண் மட்டத்தில் இருந்தது.

முதல் இரண்டு ரவுண்டும் இவள்தான் முன்னிலை. மூன்றாவதில் ஒரே ஒரு வலக்கை கன்னத்து எலும்பில் இறங்கியது. எலும்பு உள்வாங்கி, கண்ணை அசைக்கும் தசை அதில் சிக்கிக்கொண்டது. இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் கண் பழைய நிலைக்கு வரவில்லை. சங்கத்திலிருந்து ஒருவர் கூட ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் அவள் கேன்டீனில் நின்றபடியே சொன்னாள். கீச்சுக் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. டிங்கர்தான் கேட்டான்.

"ஆனாலும்க்கா, கையெழுத்து போட்டது நீங்கதானே?"

அவள் அவனை அடித்துவிடுவாள் என்றுதான் பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். கை கூட மடங்கிவிட்டது. "ஆமா. நான்தான் போட்டேன். பத்தொம்பது வருஷமா அந்தக் கையையும் சேத்துத்தான் திட்டிக்கிட்டு இருக்கேன். நீ புதுசா சொல்ல வேண்டாம்" என்றாள். டைம்கீப்பர் கையிலிருந்த மலரைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போனாள்.

அவர் பின்னாலேயே வந்தார். "எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா படிச்சிருப்பேனா?"

"படிச்சது தப்பில்ல சார். படிச்சதும் பேராசைன்னு முடிவு கட்டினீங்க பாருங்க, அதுதான்."

வீட்டில் கணவரிடம் மலரைக் காட்டி, நடந்ததைச் சொன்னாள். அவர் தையல் மெஷின் பழுது பார்ப்பவர், அதிர்ந்து பேசாதவர். இரண்டு முறை படித்தார்.

"நீயாத்தான் ஏறினேன்னு நானும் நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

"கல்யாணமாகி பதினாலு வருஷம். ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"கேட்டா உனக்கு வலிக்கும்னு..."

"வலிக்கும்னு நீங்களா நெனச்சிக்கிட்டு, பேராசைக்காரின்னும் நீங்களா நெனச்சிக்கிட்டு, என் கூடவே சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க." அன்று அவள் சமைக்கவில்லை. அவரே சமைத்து அவளுக்கும் எடுத்து வைத்தார். தட்டு அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுச் சங்க அலுவலகத்துக்குப் போனாள். கணவர் தன் வண்டியில் கொண்டுவந்து விட்டார். "உள்ள வரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றாள். அவர் இரண்டு ஹெல்மெட்டையும் மடியில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்க நிழலில் உட்கார்ந்துவிட்டார்.

பழைய தேர்வுக்குழுத் தலைவர் இப்போது சங்கத்தின் கௌரவத் தலைவர். கைத்தடி, காதில் மெஷின். அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. மலரை விரித்து அந்த வரியில் விரலை வைத்தாள்.

"இது நான். என் பேரைக் கூடப் போடலை. அது போகட்டும். என் விருப்பத்துலயா நான் ஏறினேன்?"

அவர் வரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எந்த வருஷம்மா?"

சொன்னாள். அண்ணன் மகளையும் படிவத்தையும் பேனா மூடியையும் சொன்னாள். அவர் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. நடிப்பாக இருக்குமோ என்று உற்றுப் பார்த்தாள். நடிப்பில்லை. மனிதர் உண்மையாகவே யோசித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஞாபகம் இல்லையேம்மா. எத்தனையோ பிள்ளைங்க வந்தாங்க, போனாங்க."

மறுப்பார், கத்துவார், மிரட்டுவார் என்று வழி நெடுகப் பதில்களைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். ஞாபகமில்லை என்பார் என்று எதிர்பார்க்கவில்லை. அவள் முகத்தில் ஒவ்வொரு நாளும் கண்ணாடியில் தெரிகிற விஷயம், செய்தவருக்கு நினைவில் தங்கக்கூட லாயக்கில்லாததாகப் போய்விட்டது. அவர் முன்னால் இருந்த மேசையை ஓங்கித் தட்டினாள். கைத்தடி சரிந்து விழுந்தது.

"ஞாபகம் இல்லைன்னா, மலர்ல என் விருப்பம்னு எப்படி எழுதினீங்க? அது மட்டும் எப்படி ஞாபகம் வந்துச்சு?"

அவர் மணியை அழுத்தினார். உள்ளே வந்த குமாஸ்தா ஓர் இளம்பெண். விழுந்த கைத்தடியை எடுத்துக் கொடுத்துவிட்டு இவளை வெளியே அழைத்துப் போனாள். தன் மேசையில் ஒரு வெள்ளைத் தாளைப் போட்டாள். "எழுதிக் குடுங்க மேடம். முத்திரை குத்தி நகல் தர்றேன். வாயால சொன்னது இங்க நிக்காது."

எழுதினாள். அந்த வரியை நீக்க வேண்டும், தன் பெயரைப் போட வேண்டும், முதல் ரவுண்டு அல்ல, மூன்றாவது ரவுண்டு. ஒருமுறைக்கு மூன்றுமுறை படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட்டாள்.

அந்த உலகப் போட்டி மூன்று வாரம் கழித்து நடந்தது. கேன்டீன் தொலைக்காட்சி முன்னால் கூட்டம். அவளும் போனாள். டைம்கீப்பர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். சின்னவள் பத்து ரவுண்டும் தாக்குப்பிடித்துப் புள்ளியில் தோற்றாள். பேட்டியில் வீங்கிய முகத்தோடு, நானே கேட்டு வாங்கிய சண்டை, வருத்தமில்லை என்றாள். டிங்கர் ஓரக்கண்ணால் கொசுவைப் பார்த்தான்.

"என்ன பாக்குறே?" என்றாள். "அவ தோத்ததுல எனக்குக் கோவமே இல்ல. அவளாக் கேட்டா, அவளா நின்னா."

"தப்பாப் பேசிட்டேன்க்கா அன்னைக்கு."

"ஆமா, தப்பாத்தான் பேசினே" என்றாள். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

சங்கத்திலிருந்து ஒரு பதில் வந்தது. அடுத்த மலரின்போது பரிசீலிக்கப்படும் என்று இரண்டு வரி. அடுத்த மலர் இன்னும் இருபத்தைந்து வருடம் கழித்து, பவள விழாவோ வேறெதுவோ வரும்போது. கடிதத்தைப் படித்துவிட்டுக் கணவர், "இருபத்தஞ்சு வருஷமா?" என்று சத்தம் போட்டார். அவருக்கு அவ்வளவு குரல் உண்டு என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை அவள் அரை நாள் விடுப்புப் போடுகிறாள். இதுவரை ஏழு மனு, ஏழு முத்திரை. இப்போதெல்லாம் கணவர் வெளியே காத்திருப்பதில்லை, கூடவே உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்.