கெடாத கஞ்சி

எங்கள் கம்பெனியில் கஞ்சிக்காகவே சம்பளம் வாங்கிய ஒரே ஆள் ஹலீமா அக்காதான். கிண்டலாகச் சொன்னாலும் உள்ளது அதுதான். நோன்புக் கஞ்சியைப் பையில் அடைத்து, ஃபிரிட்ஜ் இல்லாமலே ஒரு வருஷம் கெடாமல் வைக்க வேண்டும். அதற்கு வழி கண்டுபிடிக்கத்தான் நாகூர் கனி முதலாளி அவரை வேலைக்கு எடுத்தார். சம்பளத்தில் பாதிக்கு மேல் அரசாங்க மானியம், மீதி முதலாளியின் பங்கு. இரண்டு வருஷத்துக்கு ஏற்பாடு. என் பெயர் கண்மணி. அக்காவுக்கு எதிர் மேசை, கணக்கு என் வேலை, மானிய அலுவலகத்துக்கு எழுதுவதும் நான்தான்.

அக்கா பயந்த சுபாவம். லிஃப்ட் குலுங்கினால் பயம், மகள் யும்னா போனை எடுக்காவிட்டால் பயம், முதலாளி சிரித்தால் ரொம்பப் பயம்.

"சிரிச்சா ஏன்கா பயப்படுறீங்க?"

"என்னைப் போகச் சொன்ன பழைய முதலாளியும் சிரிச்சுக்கிட்டேதான்லா சொன்னாரு" என்பார்.

அதற்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. முன்பு ஒரு சாஸ் கம்பெனியில் இதே மாதிரி மானியத்தில் வேலை பார்த்தவர் அவர். சாஸ் நன்றாகவே வந்தது. மானியம் முடிந்த வாரமே ஆய்வகத்தைப் பூட்டி, அக்காவின் கையில் ஒரு கேக்கைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஐம்பது வயதுக்கு மேல் புது வேலை லேசில் கிடைக்குமா? ஒரு வருஷம் போல வீட்டில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான். சூடு கண்ட பூனை, அவ்வளவுதான்.

முதலாளியும் அந்தப் பயத்துக்கு எண்ணெய் ஊற்றுகிற மாதிரிதான் பேசுவார். மானியம் என்ற ஒன்று அவருக்குத் தெரிவதற்கு முன்னால், சொந்தப் பணத்தில் என்னென்னவோ செய்து பார்த்துத் தோற்றவர். பாட்டில் பச்சடி செய்தார், அது புளித்தது. பொட்டுக்கடலை பிஸ்கட் செய்தார், அதைப் புறாக்கூடத் தின்னவில்லை. மானியம் தெரிந்த பிறகு, அரசாங்கம் பங்கு போடாமல் தோற்பதற்கு அவருக்கு மனம் வரவில்லை. "அவங்க ஒரு வெள்ளி போட்டா நானும் ஒரு வெள்ளி போடுறேன்" என்பதே பேச்சாகிவிட்டது. அவர்கள் நிறுத்தினால் இவரும் நிறுத்துவார் என்று அக்கா எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

கஞ்சி தயாரானது. சேராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் கடையின் மாடியில் அரிசி, வெந்தயம், தேங்காய்ப் பால், கொத்துக்கறி எல்லாம் வெந்தன. வெளியே ஓர் ஆய்வுக்கூடத்தில் வாடகை இயந்திரத்தில் பைகளை அடைத்து, சூட்டில் கிருமி நீக்கி, கொண்டுவந்து அடுக்கினோம். மாதாமாதம் அக்கா சில பைகளைப் பிரித்துப் பார்ப்பார், பரிசோதனைக்கு அனுப்புவார். ஒரு வருஷம் தாங்கிவிட்டால் வெற்றி. முதலாளி வாரத்துக்கு இரண்டு தடவை மாடி ஏறி வந்து, "என்ன ஹலீமா, என் கஞ்சி எப்படி இருக்கு?" என்று ஆஸ்பத்திரியில் விசாரிக்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போவார்.

பைகளை அடுக்கிய பத்தாம் மாதம் அக்கா, அண்ணன் முறையில் 'நானா' என்று தான் கூப்பிடுகிற முதலாளியின் முன்னால் போய் நின்றார்.

"கெட்டுப்போச்சு நானா."

குரல் நடுங்கியது. பாடுபட்டது வீணாகிவிட்ட வருத்தம் என்று நினைத்தேன். முதலாளி, "அல்லா நாட்டம். இருக்கிறதைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி செய்ங்க" என்றார். கூடுதல் அவகாசம் கேட்டு நான் எழுதினேன். மானியத்தை இன்னும் ஒரு வருஷம் நீட்டினார்கள். அதற்குப் பிறகு முதலாளி மாடிக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்.

நோன்பு மாதம் வந்தது. ஒரு நாள் சாயங்காலம், வீட்டுக்குக் கிளம்பலாம் என்று நான் பையை எடுக்கும்போது அக்கா பின்கட்டிலிருந்து வந்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"கண்மணி, பின்னால மூலையில வச்சிருந்த பெட்டியெல்லாம் எங்க?"

"பரீதாம்மா மத்தியானம் வந்து வேன்ல ஏத்திட்டுப் போனாங்களே. அவங்க புளோக்குக் கீழ இன்னைக்கு நோன்பு திறப்பாம். கஞ்சி சும்மாதானே கிடக்குன்னாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மூலையில் கிடந்தவை புதுப் பைகள் அல்ல, தூக்கிப் போடச் சொன்ன பழைய பைகள். பரீதாம்மா முதலாளியின் மனைவி. புக்கிட் பாஞ்சாங்கில் அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் அடியில் திறந்து கிடக்கும் வாய்ட் டெக்கில் பாய் விரித்து உட்காரப் போகிற நூறு பேரில் பாதி கிழவர்களும் குழந்தைகளும்தான்.

முதலாளி படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவிக்குப் போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டார். வேனும் அங்கே இருந்தது, டாக்சிக்கு நின்றால் நெரிசல். "வாங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டு எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். அறுபது வயது மனிதர், பகல் முழுக்கத் தண்ணீர் படாத வாய். அவர் விழுந்துவிடுவாரோ என்று வேறு எனக்குப் பயம்.

ரயிலில் நிற்கத்தான் இடம் இருந்தது. நியூட்டன் வந்தது, போனது. முதலாளியின் உதடு ஓதிக்கொண்டே இருந்தது. நடுவில் அக்கா பக்கம் குனிந்து, "சாப்பிட்டா எத்தனை மணி நேரத்துல தெரியும்?" என்று கேட்டார். அக்கா பதில் சொல்லவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தார். "பிள்ளைங்க தாங்குமா ஹலீமா?" அதற்கும் பதில் இல்லை. எனக்கு அக்காவின் மேல் ஆத்திரம் வந்தது. ஊரே வாந்தி எடுக்கப் போகிறது, இந்த அம்மா ஊமையாக நிற்கிறதே என்று கொதித்தது.

பியூட்டி வோர்ல்டு தாண்டியதும் முதலாளி வேறு ஒரு நம்பரைத் தேடி எடுத்தார். கீழ் வீட்டு ரியாஸ். அவர் எடுத்துவிட்டார்.

"ரியாஸ், அந்தக் கஞ்சியை யாரும் தொடக் கூடாது. எல்லாத்தையும் கீழ கொட்ட…"

அக்கா அவர் கையைப் பிடித்துவிட்டார். நோன்பு நாளில், அத்தனை பேர் நடுவில், இத்தனை வருஷமாக அவர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்த்துப் பேசாத பெண். போனைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"வேணாம் நானா. கெடல. ஒண்ணும் கெடல."

முதலாளிக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"ரிப்போர்ட் எல்லாம் சுத்தம். போன வாரம்கூடப் பார்த்தேன். வருஷம் தாண்டியும் நல்லாத்தான் இருக்கு. நான்தான்…" அக்கா போனை விடவில்லை. "முடிஞ்சிடுச்சுன்னு சொன்னா மானியமும் முடிஞ்சிடும். நான் எங்க போவேன் நானா?"

"அப்ப ஏன் தூக்கிப் போடல?"

"நல்ல சோறு. கொட்டினா அல்லா தர்ற பரக்கத் போயிடும்னு மனசு வரல."

அவகாசம் கேட்ட எழுத்து என் எழுத்து. பொய் சொல்லி மானியம் வாங்கியவர்கள் கோர்ட்டு படி ஏறிய செய்திகளெல்லாம் ஒன்றுவிடாமல் ஞாபகம் வந்தன. முதலாளி அக்காவின் பக்கம் திரும்பினார்.

"அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?"

அந்தக் கேள்வியோடுதான் இறங்கினோம்.

வாய்ட் டெக்கில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கிண்ணங்களில் கஞ்சி, பக்கத்தில் பேரீச்சம்பழம். ரியாஸ் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றார். நோன்பு திறக்கிற பாங்குக்குச் சில நிமிஷம்தான் இருந்தது. பரீதாம்மா வாய் நிறையச் சிரிப்போடு வந்தவர், கணவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அக்கா தன் போனைத் திறந்து ரிப்போர்ட்டைக் காட்டினார். முதலாளி பார்த்துவிட்டு, "இந்த நம்பரையெல்லாம் நான் என்னத்தைக் கண்டேன்" என்றார். ஒரு பையைக் கிழித்து முகர்ந்தார். வாசனை நன்றாகத்தான் இருந்தது, அதனால் என்ன? அவரும் நோன்பு, அக்காவும் நோன்பு, பாங்கு சொல்லாமல் ஒருவரும் விழுங்க முடியாது. பாங்கு சொல்லிவிட்டால் நூறு பேரும் சேர்ந்து விழுங்குவார்கள்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"கண்மணி, நீ நோன்பு இல்லையேம்மா."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது. மாதச் சம்பளத்துக்குக் கணக்கு எழுத வந்தவள் நான், விஷம் சோதிக்க வந்தவள் இல்லை. அக்காவைப் பார்த்தேன். அவர் கண் என்னைக் கெஞ்சவில்லை, அதில் பயம் மட்டும் இருந்தது. ஆனால் கஞ்சியைப் பார்த்து அவர் பயப்படவில்லை, முதலாளியைப் பார்த்துத்தான் பயந்தார். இத்தனை நாள் எதிர் மேசையில் உட்கார்ந்தவளுக்கு அந்த வித்தியாசம் தெரியாதா? ஒரு கிண்ணத்தை எடுத்தேன். நோன்பிருக்கிற நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, வெட்கத்தோடு குடித்தேன். முதல் வாயில் ருசி தெரியவில்லை. இரண்டாவது வாயில் வெந்தயமும் ரம்பை இலையும் தெரிந்தன. கிண்ணத்தைக் காலியாக்கினேன்.

"நல்லா இருக்கு முதலாளி."

வயிற்றுக் கோளாறு அஞ்சு நிமிஷத்தில் தெரியாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பாங்கு ஒலித்தது. முதலாளி நின்றபடி யோசித்தார். பிறகு கையைக் காட்டி எல்லாரையும் சாப்பிடச் சொல்லிவிட்டு, தானும் பாயில் உட்கார்ந்து குடித்தார். ஒரு குழந்தை இன்னும் கேட்டது, பரீதாம்மா ஊற்றினார்.

அக்கா தூணோரம் நின்றுகொண்டிருந்தார். முதலாளி கிண்ணத்தைக் கீழே வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"வாடகை மெஷின் வேணாம், சொந்தமா ஒண்ணு வாங்கலாம்னு பணத்தை ஒதுக்கி வச்சிருந்தேன் ஹலீமா. அரசாங்கப் பணம் இல்ல, என் பணம். மானியம் முடிஞ்சதும் உங்களை முழுச் சம்பளத்துல வச்சுக்கிறதாவும் இருந்தேன். கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்க. போன மாசம் அந்தப் பணத்தைப் போட்டு ஜோகூர்ல ஒரு கடை வாங்கிட்டேன்."

அக்கா தூணைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வார்த்தை சொல்லலையே நானா."

"சொல்லியிருப்பேன்" என்றார் முதலாளி. "வேலை நிச்சயம்னு தெரிஞ்சா நீங்க மெதுவா செய்வீங்களோன்னு எனக்குப் பயம்."

ஹலீமா அக்கா அன்று தண்ணீரை மட்டும் குடித்து நோன்பு திறந்தார்.