விலை தெரியாத மூன்று நாட்கள்

புதன்கிழமை காலை பத்து மணி. கண்டி பேராதனை வீதியில், ஒரு துணிக்கடைக்கு மேலே இருக்கும் எங்கள் சின்ன அலுவலகத்தில் ஸ்பீக்கரில் போட்ட போன் கத்திக்கொண்டிருந்தது.

“தம்பி, உங்கட டூலைப் பார்த்துத்தான் எங்கட ஏஜென்ட் பதில் சொல்லுது. என்ன சொல்லியிருக்கெண்டு தெரியுமோ? இந்தக் கொயின் மூண்டு நாளா சைபராக் கிடந்ததாம்! அப்படி ஒரு கூத்து நடக்கவே இல்லை. வெள்ளிக்கிழமைக்குள்ள சரிவராட்டி எங்களுக்கு உங்கட டூல் வேண்டாம்.”

பேசியவர் சிவதாசன். கொழும்பில் முதலீட்டு ஆப் நடத்துபவர், எங்கள் முதல் வாடிக்கையாளர். கேட்டுக்கொண்டிருந்தவர் எங்கள் முதலாளி ஃபஸ்லான்; டூலைச் செய்தவரும் அவரே. அந்த டூலுக்கு டொக்கியுமென்டேஷன், அதாவது பாவனைக் குறிப்பு, எழுதியவள் நான். தோட்டத்து ஆபீஸ் வேலை போன பிறகு, ஆங்கிலம் எழுத வரும் என்ற ஒரே பலத்தில் ஐம்பது வயதில் இந்த அலுவலகத்தில் சேர்ந்தவள். மூன்று மாத புரொபேஷனில் அது கடைசி வாரம்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரு கிரிப்டோ நாணயத்தின் பெயரையும் இரண்டு தேதிகளையும் கொடுத்தால், இடைப்பட்ட ஒவ்வொரு நாளின் விலையையும் அந்த டூல் எடுத்துத் தரும். மனிதர் அதை நேரே பாவிப்பதில்லை. ஏஐ ஏஜென்ட்தான் என் குறிப்பை வாசித்து, எப்படிக் கேட்பது, வந்த பதிலுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்ளும். மனிதருக்கு எழுதினால், விளங்காத இடத்தில் போன் எடுத்துக் கேட்பார்கள். இது கேட்காது. நாம் விட்ட இடத்தைத் தானே நிரப்பிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும்.

அந்த மூன்று நாளும் எங்களுக்கு விலை அனுப்பும் சேவை படுத்துவிட்டது. விலை வராத நாளுக்கு எங்கள் டூல் பூச்சியம் போட்டது. அப்படிப் போடும் என்று எனக்கு முன்னமே தெரியும். ‘இது யாருக்குத்தான் விளங்காது’ என்று எழுதாமல் விட்டேன். என் புத்தியைச் செருப்பாலடிக்க வேண்டும்.

“உதை எழுதினது ஆர்?” என்று கேட்டார் சிவதாசன்.

நான் கதிரையில் நெளிந்தேன். ஃபஸ்லான் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எங்கட பிழை, அண்ணன். வெள்ளிக்கு முந்தி சரி பண்ணித் தாறோம்.”

போனை வைத்ததும் திட்டு விழும் என்று காத்திருந்தேன். “பிளேன்டீ குடிச்சிட்டு வேலையப் பார்ப்பம், அக்கா” என்றார்.

“தம்பி, மடுல்கெல்ல தோட்டத்து ஆபீசுல பதினெட்டு வருசம் மழைப் புத்தகம் எழுதினவ நான்” என்றேன். “மழை பெய்யலன்னா சைபர். ஞாயித்துக்கெழம அளக்க ஆள் போகலன்னா கோடு. திங்கக்கெழம அளந்தா, ‘ரெண்டு நாள் மழை’ன்னு பக்கத்துலயே எழுதுவோம். கோடு போடுற எடத்துல சைபர் போட்டா தொரை கிழிச்சிருவாரு.”

“அப்ப இங்க மட்டும் ஏன்க்கா விட்டீங்க?”

“மெஷினு ரொம்பப் படிச்சதுன்னு நெனச்சிட்டேன்.”

ஃபஸ்லான் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த கையோடு பூச்சியத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தை வெறுமையாக விட்டார். நான் குறிப்பில் எழுதினேன்: ‘வெற்றிடம் என்றால் அன்றைய விலை எங்களிடம் இல்லை. விலை பூச்சியம் என்று பொருள் அல்ல.’

பிறகு ஏஜென்டிடம் அதே கேள்வியைக் கேட்டோம். அந்தப் படுபாவி முன்நாள் விலையையும் பின்நாள் விலையையும் பார்த்து, நடுவில் மூன்று விலைகளைத் தானே உண்டாக்கி, தசமத்தோடு அழகாக எடுத்து வைத்தது!

“அட, சண்டாளா!” என்றேன்.

இன்னும் இரண்டு வரி சேர்த்தேன்: ‘முன்பின் விலைகளை வைத்து ஊகிக்க வேண்டாம். விலை கிடைக்கவில்லை என்று கேட்டவரிடம் சொல்லவும்.’ வியாழக்கிழமை முழுவதும் அதைச் சோதித்தோம். நயமாகக் கேட்டோம், அதட்டிக் கேட்டோம், ‘சும்மா ஒரு உத்தேசமா சொல்லேன்’ என்று கெஞ்சியும் கேட்டோம். அசையவில்லை.

வெள்ளிக்கிழமை சிவதாசன் தானே சோதித்துவிட்டு அழைத்தார். “ஓம், தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லுது. அது போதும். நாங்கள் எடுக்கிறம்.”

அன்று பின்னேரம் ஃபஸ்லான் என் நிரந்தர நியமனக் கடிதத்தை மேசையில் வைத்தார்.

“அன்னைக்கு அவருகிட்ட என் பேரச் சொல்லியிருக்கலாமே, தம்பி?”

“சைபர் போட்ட நான் தானே. நீங்க எழுதாம விட்ட. ரெண்டு பேர்ட பிழையும்தான், அக்கா.”

இப்போது எந்த டூலுக்கு எழுத உட்கார்ந்தாலும் நான் முதலில் எழுதும் பகுதி ‘எது கிடைக்காமல் போகலாம்’ என்பதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அன்று போனில் ஃபஸ்லான் ‘அக்கா எழுதினது’ என்று சொல்லியிருந்தால் அதுவும் உண்மைதான். அந்த உண்மையோடு வேலையும் போய், நான் மடுல்கெல்ல பஸ் ஏறியிருப்பேன்.