பின்வரிசை மூன்று

பேருந்து நிலைய மாடியில் இருந்த கண்ணாடி அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. உட்கார்ந்து என்பது ஒரு பேச்சுக்குத்தான். கால்மணி நேரம் சேர்ந்தாற்போல அவளை நாற்காலியில் பார்த்தவர்கள் அங்கே யாரும் இல்லை. மைக்கை அணைத்ததும் எழுந்து ஜன்னலுக்குப் போவாள், கீழே எட்டிப் பார்ப்பாள், திரும்பி வந்து தண்ணீர் குடிப்பாள், குடித்த தம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பாள். "இவங்க கால்ல சக்கரத்தைக் கட்டித்தான் வேலைக்கே எடுத்திருக்காங்க" என்பார் டிக்கெட் கொடுப்பவர். ஆனால் அவளுடைய காது மட்டும் ஓரிடத்தில் ஆணி அடித்தாற்போல நிற்கும். வாசலில் திரும்பும் பேருந்தின் உறுமலை வைத்தே அது எந்த ஊர் வண்டி என்று சொல்லிவிடுவாள்.

அந்தக் காதில்தான் சொந்த வண்டியின் இருமல் விழுந்தது.

அவள், கணவர், மூன்று பெண்கள் என்று ஐந்து பேருக்கு ஏழு பேர் உட்காரும் பழைய மினிவேன். சிக்னலில் நிற்கும்போது அது லேசாக உதறியது. மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கியது.

"கேக்குதாங்க?" என்றாள் கணவரிடம்.

"எது?"

"நல்லா வந்துட்டே இருந்து, நடுவுல ஒண்ணை முழுங்கிடுது பாருங்க."

கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். அவசரம் என்றால் என்ன விலை என்று கேட்கிற ஆள். தலையைச் சாய்த்துக் கேட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் கேக்கல. எதாச்சும் கோளாறுன்னா இங்க விளக்கு எரியும். எரிஞ்சா பாத்துக்கலாம்" என்றார்.

"அது எரியிறப்போ நாம நடு மலையில நிப்போம்."

மலை அவள் பேச்சில் வந்ததற்குக் காரணம் இருந்தது. பெரியவளுக்கு மலைமேல் இருக்கும் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுதியில் கொண்டுபோய் விட வேண்டும். அந்த வாரம் முழுக்க அவள் மகளின் பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். போர்வையை எடுத்து வெளியே வைப்பாள், கனமான போர்வையை உள்ளே வைப்பாள், பெட்டி மூடாது, மறுபடியும் முதலிலிருந்து.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல" என்றார் கணவர் ஒருநாள், அவள் மூடாத பெட்டிமேல் முழங்காலை ஊன்றி நிற்பதைப் பார்த்துவிட்டு. "பொண்ணு போறா. அதான் உனக்குக் கண்டதுலயும் சத்தம் கேக்குது."

அதில் பாதி உண்மை இருந்தது. அதனால்தான் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

இரண்டு தெரு தள்ளி அவள் தம்பி சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். வண்டியை அங்கே விட்டால் அரை நாளில் பார்த்துக் கொடுத்துவிடுவான். ஆனால் கணவருக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. போன வருடம் வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்த நாளில் கணவர் வண்டியைப் பின்னால் எடுத்துக் கேட்டில் இடித்துவிட்டார். தம்பி சும்மா இருந்திருக்கலாம். "ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு விடுறாரு, வண்டியில இருக்கிற கண்ணாடியைப் பாக்கத் தெரியல" என்றான். வந்தவர்கள் எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். கணவரும் சிரித்துவைத்தார். மறுவாரமே வண்டியை நெடுஞ்சாலையில் இருந்த பளபளப்பான பெரிய ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போனார். அது தம்பியின் காதுக்குப் போனது. அன்று முதல் இவர் அந்தத் தெருப்பக்கம் போவதில்லை, அவன் இந்தத் தெருவுக்கு வருவதில்லை.

வேலை இடைவேளையில் தம்பிக்குப் போன் போட்டாள்.

"நின்னா உதறுது, மேட்டுல இழுக்க மாட்டேங்குது. அப்ப பிளக்காத்தான் இருக்கும்க்கா" என்றான் அவன். "நெருப்புப்பொறி சரியா விழல. கொண்டு வந்து விடு."

"அவர் விடமாட்டாருடா. நீ வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போயேன்."

"மாமா ஒரு வார்த்தை கூப்பிடட்டும். ஓடி வரேன்."

வீட்டில் கணவர், "பிளக்கா? போன வருஷம்தானே அந்த ஒர்க்‌ஷாப்ல ஆறையும் மாத்தினாங்க. உன் தம்பியைக் கூப்பிடுறதுக்கு இது ஒரு சாக்கு" என்றார்.

"ரெண்டு பேரும் நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

உதிரிபாகக் கடைக்காரர் தராசுத் தட்டு மாதிரி இரண்டு கையிலும் இரண்டு பெட்டியை வைத்துக்கொண்டு பேசினார். "இதைப் போடுங்க மேடம். நாலு முனை வெச்சது. வண்டி பறக்கும்."

"பறக்க வேணாங்க. மேடு ஏறினாப் போதும்."

பானட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து எழுதிவந்த எண்ணைக் காட்டினாள். அந்த எண்ணைப் பார்த்து வாங்கு, கடைக்காரர் வாயைப் பார்த்து வாங்காதே என்று தம்பி சொல்லியிருந்தான். கடைக்காரர் பெருமூச்சு விட்டு உள்ளே போய், ஊசிபோல் மெல்லிய முனை வைத்த இரிடியம் பிளக்குகளைக் கொண்டுவந்தார். பக்கத்தில் அதே அளவில் தடித்த முனை வைத்த சாதாரணப் பிளக்குகளையும் வைத்தார். இதுவும் பொருந்தும், ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்றார்.

"வண்டி புதுசா வந்தப்போ எது இருந்துச்சு?"

"ஊசி முனைதான்."

"அப்ப அதுவே குடுங்க."

ஒவ்வொரு பெட்டியையும் பிரித்து, வெள்ளைப் பீங்கானில் கீறல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிளக் கழற்றும் ஸ்பேனரும் அதை மாட்டும் நீளக் கம்பியும் வாங்கிக்கொண்டாள்.

"யார் மாட்டப்போறது?" என்று கேட்டார் கடைக்காரர்.

"நான்தான்."

"முன்னாடி மூணு ஒண்ணும் இல்ல, கைக்கு எட்டும். பின்னாடி மூணு என்ஜினுக்கு அந்தப் பக்கம், தகட்டோட ஒட்டி இருக்கும். தாவு தீந்துடும், சொல்லிட்டேன்."

சனிக்கிழமை காலை, என்ஜின் குளிர்ந்து கிடக்கும்போதே பானட்டைத் தூக்கி நிறுத்தினாள். சூட்டோடு கழற்றினால் மரை போய்விடும் என்பதும் தம்பி சொன்னதுதான். பெரியவள் தூக்கக் கலக்கத்தோடு வந்து டார்ச் பிடித்தாள். ஒயரைப் பிடுங்கி, பிளக்கின் தலையில் செருகியிருந்த காயிலை உருவி, அடியில் குழிக்குள் இருந்த தூசியைச் சைக்கிள் பம்பால் ஊதிவிட்டு, கம்பியை இறக்கினாள். முன்வரிசையின் முதல் பிளக் சமர்த்தாகச் சுழன்று வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவளுக்கு முகம் விழுந்துவிட்டது. புதுசு மாதிரியே இருந்தது. முனையில் லேசான பழுப்பு, அவ்வளவுதான். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே.

"அப்பா சொன்னது சரிதானோ?" என்றாள் மகள்.

அவள் மூன்றாவதை மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் வரிசையாக வைத்தாள்.

"நான் போறதாலதான் இப்படி அலையிறியாம்மா?"

"டார்ச்சை நேராப் பிடி."

பின்வரிசைக்குப் போக வைப்பரைக் கழற்ற வேண்டியிருந்தது, அதன் அடியில் இருந்த தகட்டையும். வண்டிமேல் குப்புறக் கவிழ்ந்து, தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினாள். பார்க்க முடியவில்லை, தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். முழங்கை தோல் உரிந்தது. ஒரு முறை ஸ்பேனர் கைநழுவி உள்ளே எங்கோ விழுந்து, அதைத் தேடி எடுப்பதற்குள் மகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள். வெயில் ஏறியபின் பின்வரிசையில் முதலாவது கையோடு வந்தது.

துருப்பிடித்த உடல். ஊசிமுனை இருந்த இடத்தில் மழுங்கிப்போன ஒரு மொட்டு. நெருப்பு தாவ வேண்டிய இடைவெளி அகலமாகிக் கிடந்தது. அடுத்ததும் அதே கதிதான்.

அவள் உள்ளே போய், பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரின் கையில் முன்வரிசைப் பிளக் ஒன்றையும் பின்வரிசைப் பிளக் ஒன்றையும் வைத்தாள். அவர் லென்ஸ் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து, ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டையும் நெடுநேரம் பார்த்தார்.

"அந்தப் பெரிய ஒர்க்‌ஷாப்காரன் முன்னாடி மூணை மாத்திட்டு, ஆறையும் மாத்தினதா சொல்லியிருக்கான்" என்றார் கடைசியில். அவர் காது மடல் சிவந்திருந்தது.

"எனக்குக் கேட்டுச்சுன்னு சொன்னேன்ல."

"சொன்ன."

கடைசிப் பிளக்தான் மக்கர் பண்ணியது. சிறிது சுழன்றது, பிறகு கிறீச்சென்று அலறி நின்றுவிட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை அழுத்தப் போனாள். பின்னாலேயே வந்திருந்த கணவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடு. மரை போயிடுச்சுன்னா என்ஜினே போச்சு."

"அப்புறம் நாளைக்கு எப்படிங்க போறது?"

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். வாசல்வரைக்கும் நடந்து போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். அவரை அப்படி நிலைகொள்ளாமல் அவள் பார்த்ததே இல்லை. "மச்சான், நான்தான்" என்று அவர் சொல்வது கேட்டது. "கொஞ்சம் வீடு வரைக்கும் வர முடியுமா? ஆமாப்பா, நானேதான் கூப்பிடுறேன்."

தம்பி வந்தான். உள்ளே எட்டிப் பார்த்து, "யாரு இவ்வளவையும் கழட்டினது?" என்றான். அக்கா என்றதும் புருவத்தை உயர்த்தினான், அவ்வளவுதான். எண்ணெயைப் பீய்ச்சி, ஊறட்டும் என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தான். அவளால் அது முடியுமா? பெருக்கின வாசலையே மறுபடி பெருக்கினாள். கணவர் டீ போட்டுக்கொண்டுவந்து மச்சினன் கையில் கொடுத்தார்.

தம்பி தம்ளரைப் பார்த்துக்கொண்டே, "மாமா, அன்னைக்கு அந்தக் கண்ணாடி விஷயம், நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றான்.

"பாக்காமத்தானே பின்னாடி எடுத்தேன்" என்றார் கணவர். "சொல்லு, ஆனா ஆளுங்க இல்லாதப்போ சொல்லு."

பிறகு இரண்டு பேரும் பானட்டுக்குள் தலையை விட்டார்கள். தம்பி ஒரு மயிரிழை திருப்பி, திரும்பப் பின்னுக்கு எடுத்து, இன்னொரு மயிரிழை திருப்பி, குழந்தையைத் தாஜா பண்ணுவது போல அதை வெளியே அழைத்துவந்தான். புதுசை இறக்க அவன் கையை நீட்டியபோது அவள் தரவில்லை. அவளே ரப்பர் குழாயின் நுனியில் பிளக்கைச் செருகி, மரை சிக்காமல் விரலாலேயே சுற்றிவிட்டாள். பின்வரிசை மூன்றும் முடிந்தபின், எதற்கும் இருக்கட்டும் என்று முன்வரிசைக்கும் புதுசையே போட்டாள். கணவர் சாவியைத் திருப்பினார். என்ஜின் வழுக்கிக்கொண்டு எழுந்து ஒரே சீராக நின்றது.

"இதுக்கு முந்தி உதறத்தான் செஞ்சிருக்கு" என்று ஒப்புக்கொண்டார் கணவர். பிறகு மச்சினனைப் பார்த்து, "நாளைக்கு நீயும் வாயேன். மலைப்பாதை, ஒரு ஆள் கூட இருந்தா நல்லது" என்றார்.

மறுநாள் வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் முனகாமல் ஏறியது. மாமாவும் மச்சானும் ஒரு வருடத்துப் பேச்சை ஒரே நாளில் பேசித் தீர்த்தார்கள். நெடுஞ்சாலை ஒர்க்‌ஷாப்காரனை எப்படி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கலாம் என்று திட்டம் போட்டார்கள். சின்னவர்கள் இருவரும் அக்காவின் தோளில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தார்கள். அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்பதற்கு ஒன்றும் இல்லை. வண்டி சரியாகிவிட்டால் மனசு அடங்கும் என்று நினைத்திருந்தாள், அது அடங்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், மூடினாள், ஜன்னலை இறக்கினாள், குளிர் என்று யாரோ சொன்னதும் ஏற்றினாள்.

விடுதி அறையில் மூன்று கட்டில்கள். பெரியவள் சுவரோரக் கட்டிலில் பையைப் போட்டாள். அம்மா விரிப்பை உதறப் போனபோது, "நான் விரிச்சுக்கறேன்மா" என்றாள் மகள், மெதுவாக, கையிலிருந்து வாங்கிக்கொண்டு. கீழே இறங்கும்போது மகள் அழவில்லை. தங்கைகள்தான் மூக்கை உறிஞ்சினார்கள்.

வண்டியருகே வந்ததும் அவள் கணவரிடம், "சாவியைக் குடுங்க" என்றாள்.

"இறக்கம். நீ இந்தப் பாதையில ஓட்டினதே இல்லையே."

"சும்மா உக்காந்துட்டு வர முடியாதுங்க என்னால."

கொடுத்துவிட்டார். முதல் வளைவில் அவர் மேல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். நாலைந்து வளைவு தாண்டியதும் பின்னால் தம்பி குறட்டை விடத் தொடங்கினான். பாதி மலையில் போன் அடித்தது. அவள் ஓரங்கட்டி நிறுத்தி எடுத்தாள். வாளியை வண்டியிலேயே விட்டுவிட்டதாக மகள் சொன்னாள்.

"திரும்ப வரட்டுமா?"

"வேணாம்மா. பக்கத்துக் கட்டில் பொண்ணு கிட்ட ரெண்டு இருக்காம்."

போனை வைத்துவிட்டு ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்தபடி சற்று நேரம் இருந்தாள். பின்னாலிருந்து வந்த லாரி ஒன்று ஹாரன் அடித்துக் கடந்துபோனது.

"நான் ஓட்டட்டுமா?" என்றார் கணவர்.

"வேணாம்" என்று சொல்லி, பக்கக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, அவள் வண்டியைச் சாலையில் ஏற்றினாள்.