படத்தின் ஓரத்தில்

நேபாளமும் பூட்டானும் போய்த் திரும்பும் கல்விச் சுற்றுலாப் பேருந்து, கடைசியாகத் திற்பரப்பு அருவியில் நிற்கிறது. நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிற பெண்கள் இறங்கி ஓடுகிறார்கள். நான் வண்டியின் சமையல்காரன். வழக்கம்போல் ஒருத்தியின் போனை வாங்கி அவர்களைப் படம் எடுக்கிறேன். எல்லைகளிலும் இதைத்தான் செய்தேன். இரண்டு நாட்டு மலைகளுக்கு முன்னாலும் அவர்கள் நிற்கிறார்கள். ஒரு படத்திலும் நான் இல்லை.

அன்னாசிப்பழம் நறுக்கி விற்கும் அக்கா கவனித்துவிடுகிறார்.

“நீயும் இவியகூட வந்தவன்தானே மக்கா?”

“ஆமாக்கா. சோறு பொங்குறவன்.”

“பொங்குறவன் படத்துல நிக்கப்பிடாதா? போனைத் தா. போய் நில்லு.”

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவரே எடுக்கிறார். ஓரத்தில் நிற்கிறேன். சாரல் முதுகை நனைக்கிறது. “அண்ணே, சிரிங்க” என்கிறாள் ஒருத்தி. சிரிக்கிறேன்.

படம் உடனே அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. எல்லார் போனும் சத்தமிடுகிறது. அந்தக் குழுவில் நான் இல்லை. பிள்ளைகளிடம் நம்பர் வாங்கவோ கொடுக்கவோ கூடாது என்று கூட வந்திருக்கும் பேராசிரியை புறப்பட்ட அன்றே சொல்லிவிட்டார். அதில் தப்பில்லை. பெற்றவர்களுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

“படம் உனக்கு வந்துட்டா மக்கா?”

“வந்துட்டுக்கா.”

“வீட்டுல உள்ளவியளுக்குக் காட்டு, என்னா?”

“சரிக்கா” என்று சொல்லிவிட்டு ஏறுகிறேன். நாகர்கோவிலில் பெண்களுக்காக வீட்டார் காத்திருப்பார்கள். அங்கே என் வேலை முடிகிறது. இன்று படுக்க இடம் பார்க்க வேண்டும்.