செவலைக் குதிரையும் ஸ்டெல்லாவின் டார்கெட்டும்

எண்பதுகளில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு டைம் ஸ்டடி வேலை. ஸ்டாப் வாட்சும் கையுமாகத் தையல் பெண்களின் பின்னால் நின்று, ஒரு ஜோடிக்கு எத்தனை நிமிடம் என்று குறிக்க வேண்டும். அதை வைத்துத்தான் அவர்களுடைய தினசரி டார்கெட். அங்கே யாருக்கும் என்னைப் பிடிக்காது.

மேனேஜர் கவுஸ் பாய்க்குக் கிண்டி ரேஸ் என்றால் உயிர். ஒருநாள், ஓடிய நேரமெல்லாம் அச்சிட்ட பழைய ரேஸ் புத்தகங்களைக் கட்டாகக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டார்.

"நீதான் வாட்ச் புடிக்கிற ஆளாச்சே. எது நெஜமாவே வேகமான குதிரைன்னு நம்பர் போட்டுக் குடு, பாக்கலாம்."

எனக்குக் குதிரை தெரியாது, கணக்குப் பிடிக்கும். ஒவ்வொரு தூரத்துக்கும் வழக்கமான நேரத்தை நூறு என்று வைத்தேன். கால் விநாடி குறைந்தால் ஒரு புள்ளி கூட, கால் விநாடி அதிகமானால் ஒரு புள்ளி குறைவு. ஒரு செவலைக் குதிரை நூற்றெட்டு வாங்கி முதலில் நின்றது. சனிக்கிழமை ரேஸில் அது கடைசியாக வந்தது.

"இன்னாப்பா, உன் குதிரை வாக்கிங் போவுது?" என்றார் கவுஸ் பாய்.

எனக்கு வெட்கத்தைவிட ஆர்வம்தான் அதிகம். செவலை நன்றாக ஓடிய அந்த நாளின் மற்ற ரேஸ்களையும் புரட்டினேன். அன்று எல்லாக் குதிரைகளுமே வழக்கத்தைவிட இரண்டு விநாடி முன்னால் வந்திருந்தன. தரை காய்ந்து இறுகிக் கிடந்திருக்க வேண்டும். அந்த இரண்டு விநாடிக்கு எட்டுப் புள்ளியைக் கழித்தேன். செவலை வெறும் நூறு. மழை நாளில் ஓடியவற்றுக்கு அதேபோலக் கூட்டினேன். அடுத்த சனிக்கிழமை என் முதல் நம்பர் ஜெயித்தது. தலைகால் புரியவில்லை எனக்கு.

அந்த வாரமே வேலையை விட்டு எடுக்க வேண்டியவர் பெயர் என் கையெழுத்துக்கு வந்தது. ஸ்டெல்லா. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். மூன்று மாதமாக டார்கெட் எட்டவில்லை. மற்றவர்கள் டீகூடக் குடிக்காமல் எப்படியோ எட்டிக்கொண்டிருந்தார்கள்.

பேனாவைத் திறந்தவன், செவலை ஞாபகம் வர, அந்த டார்கெட்டை எந்த நாளை வைத்துப் போட்டேன் என்று ரிஜிஸ்டரைப் பார்த்தேன். அன்று லைன் முழுக்க எல்லோருமே கூடுதலாகத் தைத்திருந்தார்கள். ஊசி சுலபமாக இறங்கும் மெத்தென்ற தோல் வந்த நாள் அது. அந்த ஒரே நாளை வைத்து டார்கெட் போட்டிருக்கிறேன்.

கவுஸ் பாயிடம் ஒப்புக்கொண்டேன். அந்தத் தோலின் சலுகையைக் கழித்துப் பார்த்தால் ஸ்டெல்லாவின் வேகம் சரிதான் என்றேன். ரிஜிஸ்டரை வாங்கிப் பார்த்தார். "டார்கெட்ட கம்மி பண்ணு" என்று, ஸ்டெல்லாவின் பெயர் இருந்த காகிதத்தைக் கிழித்தார்.

ஸ்டெல்லாவிடம் குதிரைக் கதை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். நன்றி சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் மிஷினை நிறுத்தாமலே கேட்டார்:

"குதிரைக்கு ஒரே வாரத்துல கண்டுபுடிச்சிட்டீங்க. எங்களுக்கு மட்டும் ஏன் சார் மூணு மாசம்?"

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். குதிரை தோற்றபோது என் கணக்கைச் சந்தேகப்பட்டேன். ஸ்டெல்லா தோற்றபோது ஸ்டெல்லாவைச் சந்தேகப்பட்டேன்.